'எழுதுபவரிடம் ஒப்படைத்தது': பேரரசர் பசிலின் வரலாறு எழுதப்பட்ட விதம் குறித்த நிகழ்வு ஆய்வு

வத்திக்கான் நூலகத்தின் கிரேக்கச் சுவடிகளில் 167 என்ற எண்ணுள்ள சுவடி 11ஆம் நூற்றாண்டில் படியெடுக்கப்பட்டது. பைசாந்தியப் பேரரசர் முதலாம் பசிலின் வாழ்க்கை வரலாறு அதில்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதன் தலைப்பு வாசகம் ஒரு செய்தியைச் சொல்கிறது. பசிலின் பேரனான பேரரசர் கான்ஸ்டன்டைன் பலரும் சொன்ன கதைகளைப் பாடுபட்டுத் திரட்டி, 'எழுதுபவரிடம்' ஒப்படைத்தாராம். அந்த எழுதுபவரின் பெயர் எங்கும் இல்லை. அரண்மனையில் உட்கார்ந்து, பழைய கிரேக்க நூல்களை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு கொலையின் மேல் எழுந்த அரச வம்சத்துக்கு வரலாறு எழுத வேண்டிய நிலையில் அவர் இருந்தார். அவர் என்ன செய்தார், ஏன் செய்தார், அதனால் என்ன ஆனது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். பேரரசர்களின் பெயர்களைச் சொல்லியாக வேண்டும். ஆனால் இந்த ஆய்வின் மையம் பெயரில்லாத அந்த எழுத்தர்தான்.

பின்னணி

பசில் அரச குலத்தில் பிறந்தவர் அல்லர். திரேஸ் நாட்டுப்புறத்தில் உழுது பிழைத்த, ஆர்மீனிய வழிவந்த குடும்பம். 813இல் பல்கேரிய மன்னன் குரூம் அட்ரியனோபிள் நகரைப் பிடித்து மக்களைச் சிறைகொண்டு போனபோது, இந்தக் குடும்பமும் அதில் அகப்பட்டது என்கிறது வரலாறு. வாலிபத்தில் பிழைப்புத் தேடித் தலைநகர் கான்ஸ்டாண்டிநோபிளுக்கு வந்த பசில், முதல் இரவு பொன்வாசலுக்குப் பக்கத்தில் புனித தியோமிதீஸ் கோயில் வாசலில் படுத்துத் தூங்கினார். பிறகு பெரிய இடத்து மனிதர் ஒருவரிடம் குதிரைக்காரராகச் சேர்ந்தார். மல்யுத்தத்திலும் குதிரையை அடக்குவதிலும் காட்டிய பலத்தால் பேரரசர் மூன்றாம் மைக்கேலின் கண்ணில் பட்டார்.

அதன்பின் ஏறியது வேகமான ஏற்றம். 866 ஏப்ரல் 21 அன்று மைக்கேலின் தாய்மாமன் பார்தாஸ் வெட்டிக் கொல்லப்பட்டார். அதில் பசிலுக்கு நேரடிப் பங்கு உண்டு. அந்த ஆண்டு மே 26இல் மைக்கேல் பசிலுக்கு இணைப் பேரரசராக முடிசூட்டினார். பசிலை மகனாகவும் ஏற்றிருந்தார். 867 செப்டம்பர் 24 இரவு, புனித மாமஸ் அரண்மனையில், குடித்துவிட்டு உறங்கிக் கிடந்த மைக்கேல் கொல்லப்பட்டார். மறுநாள் பசில் தனிப் பேரரசர். 886இல் சாகும்வரை ஆண்டார். அவருடைய வம்சம் 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அரியணையில் இருந்தது.

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வது எந்த ஊரிலும் பெரும் பழி. பசிலின் வழியில் வந்த ஒவ்வொருவர் தலையிலும் அந்தப் பழி இருந்தது.

பேரன் ஏழாம் கான்ஸ்டன்டைனுக்கு இன்னொரு சிக்கல். 905இல் பிறந்த அவர் பேருக்குத்தான் பேரரசர். 920 முதல் 944 வரை அதிகாரம் முழுக்க மாமனார் ரோமானஸ் லெகபீனஸ் கையில். 945இல்தான் தனியாக ஆளத் தொடங்கினார். தம் மகனுக்காகத் தொகுத்த ஆட்சிக் கையேட்டில் மாமனாரைச் 'சாதாரண மனிதர், எழுத்தறியாதவர்' என்று இகழ்கிறார். ஆனால் பாட்டனார் பசிலும் எழுத்தறியாமல் வளர்ந்தவர்தானே? அதே ஆர்மீனிய வழி, அதே எளிய குடி. மாமனாரை எந்த அளவுகோலால் அளந்தாரோ அந்த அளவுகோல் பாட்டனார் பக்கம் திரும்பாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. 10ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த வரலாறு எழுதப்பட்டதற்கு இது முக்கியமான காரணம் என்றே நான் கருதுகிறேன்.

எழுத்தரின் கையில் இருந்த பழைய மாதிரிகள்

அன்றைய அரண்மனை நூல்களுக்குக் குறைவில்லாத இடம். கான்ஸ்டன்டைனின் உத்தரவில் பழைய வரலாற்றாசிரியர்களின் எழுத்துகள் 53 தலைப்புகளாக வெட்டித் தொகுக்கப்பட்டன. அவற்றில் 'நற்குணமும் தீக்குணமும்' என்ற தலைப்பிலான பகுதி இன்றும் கிடைக்கிறது. டமாஸ்கஸ் ஊர்க்காரரான நிக்கோலாஸ் எழுதிய அகஸ்டஸ் சீசரின் வரலாற்றில் இன்று மிஞ்சியிருக்கும் பகுதிகள் இந்தத் தொகுப்பின் வழியாகத்தான் பிழைத்தன. பழைய காலத்தில் கிரேக்க மொழியில் ஒரு பேரரசரைப் பற்றி எழுதிய வாழ்க்கை வரலாற்றைக் காப்பாற்றிய அரண்மனையிலேயே புதிய பேரரச வரலாறும் எழுதப்பட்டது. பழைய கிரேக்க வாழ்க்கை வரலாற்றாசிரியர் புளூட்டார்க்கும் தலைநகருக்குப் புதியவர் அல்லர். ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, கான்ஸ்டாண்டிநோபிள் திருச்சபைத் தலைவராக (மறைமுதுவராக) இருந்த ஃபோட்டியஸ் தாம் வாசித்த நூல்களைப் பற்றி எழுதிய 280 குறிப்புகளில் புளூட்டார்க்கின் இணை வரலாறுகளும் இடம்பெற்றுள்ளன.

எழுத்தருக்கு முன்னால் இருந்த வழிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று புகழுரை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் சைப்ரஸ் அரசர் எவாகோரஸைப் பற்றி ஐசோகிரட்டீஸும், ஸ்பார்ட்டா அரசர் அகெசிலாஸைப் பற்றி செனபோனும் எழுதிய வழி அது. பின்னாளில் மெனாண்டர் என்ற சொல்லாட்சி ஆசிரியரின் பெயரில் வழங்கும் கையேடு அதைப் படிப்படியாக வகுத்துவிட்டது. நாடு, குலம், பிறப்பு, வளர்ப்பு, குணம், போர்ச் செயல், அமைதிக்காலச் செயல், ஒப்பீடு என்று பேரரசரைப் புகழும் வரிசை அதில் இருக்கிறது. மற்றொன்று புளூட்டார்க்கின் வழி. தாம் எழுதுவது வரலாறு அல்ல, வாழ்க்கை என்று அலெக்சாண்டரின் கதைத் தொடக்கத்தில் அவர் சொல்கிறார். பெரிய போரைவிட ஒரு சின்னச் சொல்லோ ஒரு விளையாட்டோ மனிதனின் குணத்தைக் காட்டிவிடும் என்பது அவர் நம்பிக்கை.

நம் எழுத்தர் இரண்டையும் எடுத்துக்கொண்டார். எதை எங்கே எடுத்தார் என்பதைப் பார்த்தால் அவருடைய மனம் தெரிகிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் தடை, குலம். நாடு சிறப்பில்லாவிட்டால் குலத்துக்குப் போ, குலமும் சிறப்பில்லாவிட்டால் இரண்டையும் விட்டுவிட்டுத் தொடங்கு என்று மெனாண்டரின் கையேடே வழி சொல்கிறது. எழுத்தர் அந்த வழியில் போகவில்லை. குலத்தைக் கட்டி எழுப்பினார். தந்தை வழியில் ஆர்மீனியாவை ஆண்ட அர்சாக் வம்சம். தாய் வழியில் மகா கான்ஸ்டன்டைன், இன்னும் பின்னே போனால் மகா அலெக்சாண்டர். அர்சாக் கதையை அவர் புதிதாகச் சொல்லவில்லை. பசிலின் மகன் ஆறாம் லியோ தந்தைக்கு ஆற்றிய இரங்கலுரையிலேயே அது வந்துவிட்டது. அதன் பிறப்பைப் பற்றி ஃபோட்டியஸின் எதிரிகள் சொன்ன கதை ஒன்றும் உண்டு. பதவியிழந்த ஃபோட்டியஸ் பசிலின் தயவைத் திரும்பப் பெற, பழைய தாளில் பழைய எழுத்துமுறையில் ஒரு வம்சாவளியை எழுதி, பழைய அட்டை போட்டு, அரண்மனை நூலகத்தில் வைக்கச் செய்தாராம். வரப்போகும் அரசனின் பெயர் அதில் 'பெக்லாஸ்' என்றிருந்ததாம். பசில், மனைவி யூடோக்கியா, மக்கள் கான்ஸ்டன்டைன், லியோ, அலெக்சாண்டர், ஸ்டீபன் ஆகியோரின் கிரேக்க முதலெழுத்துகள்! இதைச் சொன்னவர்கள் பகைவர்கள் என்பதால் அப்படியே நம்ப முடியாது. ஆனாலும் அந்த வம்சாவளியை அன்றே சந்தேகித்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இது சாட்சி.

இரண்டாவது முடிவு, பிறப்பைச் சுற்றிய அறிகுறிகள். இங்கே கையேடு வெளிப்படையாகவே பேசுகிறது. அறிகுறி ஏதும் இருந்தால் விரித்துச் சொல். இல்லாவிட்டாலும் நம்பும்படி புனைய முடிந்தால் தயங்காதே, கேட்பவர்கள் அதை ஆராயாமல் ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்கிறது. இதை முதலில் வாசித்தபோது எனக்கு அதிர்ச்சியாகத்தான் இருந்தது. பசிலின் வரலாற்றில் வரும் கழுகுக் காட்சியைப் படித்தபின் அதன் பொருள் முழுதாக விளங்கியது.

அறுவடைக் காலம். குழந்தை பசிலைத் தூக்கிக்கொண்டு பெற்றோர் வயலுக்குப் போகிறார்கள். கதிர்க்கட்டுகளைச் சேர்த்துக் கட்டி ஒரு நிழல் உண்டாக்கி, அதில் குழந்தையைக் கிடத்துகிறார்கள். பொழுது ஏற ஏற நிழல் விலகி வெயில் முகத்தில் அடிக்கிறது. ஒரு கழுகு இறங்கிச் சிறகை விரித்து நிழல் தருகிறது. தாய் பதறி ஓடிவந்து கல்லெடுத்து எறிகிறாள். கழுகு போகிறது, மறுபடி வருகிறது. மறுபடி விரட்டுகிறாள், மறுபடியும் வருகிறது. கதிர்க்கட்டு நிழல், ஏறும் வெயில், கையில் அகப்பட்ட கல் என்று எல்லாம் வயல்வேலை தெரிந்தவர் சொல்வதுபோல் இருக்கிறது. எளிய குடிப்பிறப்பை மறைக்காமல், அந்த எளிமையின் நடுவிலேயே அரசச் சின்னமான கழுகைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். குறை என்று நினைத்தது அடையாளமாகிவிட்டது. எழுத்துத் திறமை என்று பார்த்தால் நூலில் இதற்கு இணையான இடம் குறைவு.

தாயின் கனவும் அப்படியே. தன்னிலிருந்து ஒரு பெரிய பொன்மரம் முளைத்துப் பூத்துக் காய்த்து நிற்பதாகக் காண்கிறாள். பாரசீகப் பேரரசர் சைரஸின் பிறப்புக்கு முன் கண்ட திராட்சைக்கொடிக் கனவை ஹெரோடோட்டஸிடம் படித்தவர்களுக்கு உடனே அது நினைவுக்கு வந்துவிடும். குதிரையை அடக்கிய கதை அலெக்சாண்டர் அடக்கிய பூக்கெபலஸ் என்ற குதிரையை நினைவூட்டும். தாய்வழி மூதாதை அலெக்சாண்டர் என்று முன்பே சொல்லிவிட்டதால் இது தற்செயலாகத் தெரியாது.

மூன்றாவது முடிவுதான் மிகக் கனமானது: மைக்கேலை என்ன செய்வது? புளூட்டார்க் இருவரை இணைத்து எழுதியவர். நல்லவர்களை மட்டும் எழுதவில்லை. மாசிடோனிய அரசர் டெமெட்ரியஸ், ரோமானியத் தளபதி அந்தோணி இணைக்கு முன்னுரையாக, தீபஸ் நகரத்துக் குழல் ஆசிரியர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறார். அவர் மாணவர்களுக்கு நன்றாக ஊதுபவரையும் மோசமாக ஊதுபவரையும் காட்டி, இப்படி ஊது, இப்படி ஊதாதே என்பாராம். எழுத்தர் இந்த முறையைப் பசிலின் வரலாற்றுக்குள் புகுத்தினார். பசிலின் வாழ்க்கைக்கு நடுவே மைக்கேலின் கேடுகள் தனிப் பகுதியாகவே வருகின்றன.

அந்தப் பகுதி அடுக்கடுக்கான சின்னச் சம்பவங்களால் ஆனது. குரூலஸ் என்ற கோமாளிக்கு மறைமுதுவர் வேடம். கூடப் பதினொரு பேருக்கு ஆயர் வேடம். பொற்கிண்ணத்தில் புளிக்காடியும் கடுகும் கலந்து நற்கருணைபோல் கொடுத்துக் கேலி. தேரோட்டிகளின் குழந்தைகளுக்கு ஞானத்தந்தையாக நின்று, 50, 80, 100 ராத்தல் தங்கம் என்று வாரி வழங்கியது. பிறகு கணக்கு வருகிறது. மைக்கேலின் தந்தை கருவூலத்தில் விட்டுப்போனது 970 கெண்டெனாரியம். தாய் அதில் 30 சேர்த்து 1,000 ஆக்கினார். ஒரு கெண்டெனாரியம் 100 ராத்தல் தங்கம். பசில் கருவூலத்தைத் திறந்தபோது இருந்தது 3.

இந்தச் சித்திரத்துக்கு மாதிரி எது? புளூட்டார்க் எழுதிய, இன்று தொலைந்துபோன நீரோ வரலாறு அதற்குப் பின்னால் இருந்திருக்கலாம் என்று 1948இல் ஆய்வாளர் ரோமில்லி ஜென்கின்ஸ் வாதிட்டார். தொலைந்த நூலை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் கோமாளிகளோடும் நடிகர்களோடும் குடித்துக் களித்த அந்தோணியின் வரலாறு நம்மிடம் இருக்கிறது. விளையாட்டும் விருந்தும் ஒருவனின் உள்ளத்தைக் காட்டும் என்ற அதே முறைதான் மைக்கேல் பகுதியிலும் வேலை செய்கிறது. இது எனக்குப் போதுமான சான்றாகப் படுகிறது. கேலிக்கூத்து முழுப் புனைவும் அல்ல. 869–870இல் கூடிய திருச்சங்கத்தின் 16ஆம் விதி, அரண்மனையில் ஆயர் வேடமிட்டு நடந்த கேலியைக் கண்டிக்கிறது. ஆனால் அந்தச் சங்கமும் பசிலின் ஆட்சியில் கூடியதுதான்.

நான்காவது முடிவு, கொலை இரவு. வேட்டையின்போது மைக்கேல் பசிலின்மீது ஈட்டி எறியச் செய்தார், துடுப்பு வலிக்கும் ஒருவருக்கு அரச உடை அணிவித்து அவரையும் பேரரசராக்கத் துணிந்தார் என்றெல்லாம் முதலில் அடுக்குகிறார். பிறகு பொறுப்பான பெருமக்களும் ஆட்சிமன்றத்தின் அறிவுடையோரும் கூடிப் பேசி முடிவெடுத்ததாகவும், காவலர்கள் காரியத்தை முடித்ததாகவும், உறங்கியவர் வலி தெரியாமல் உறக்கத்திலிருந்தே சாவுக்குப் போனதாகவும் சொல்லிக் கடந்துவிடுகிறார். அந்த வாக்கியங்களில் பசில் இல்லை.

வேறொரு மரபில் வந்த காலக்குறிப்பு நூல் அதே இரவை இப்படிச் சொல்கிறது. மைக்கேலின் படுக்கையறைத் தாழ்ப்பாளை பசிலே தம் கையால் வளைத்து, கதவைத் தாழிட முடியாமல் செய்தார். உள்ளே புகுந்தவர்களில் ஒருவர் வாளை ஓங்க, தடுத்த மைக்கேலின் இரு கைகளும் வெட்டுண்டன. கைகளை இழந்து அவர் புலம்பிக்கொண்டிருந்தபோது இன்னொருவர் திரும்பி வந்து முடித்தார். மல்யுத்தத்தில் பல்கேரிய வீரனைத் தூக்கியெறிந்த கையின் பலத்தை எழுத்தர் ஆசையாக விவரித்திருக்கிறார். தாழ்ப்பாளை வளைத்ததும் அந்தக் கைதான் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

கடைசிப் பகுதியில் கட்டடங்களை நீளமாக விவரிக்கிறார். 880 மே 1 அன்று அர்ப்பணிக்கப்பட்ட புதிய தேவாலயம், கைனூர்கியன் என்ற அரண்மனைக் கூடம், அதில் பசிலின் போர்களைக் காட்டும் கல்லோவியங்கள். படுக்கையறைச் சுவரில் பசிலின் பிள்ளைகள், ஆண்களும் பெண்களும், கையில் நூல் ஏந்தி நிற்கிறார்கள். தந்தை தொடக்கத்தில் எழுத்தறிவு பெறாதவர் என்றாலும் பிள்ளைகள் எல்லோரையும் படிக்க வைத்தார் என்பதைக் காட்டவே இப்படி என்று எழுத்தர் விளக்குகிறார். நூல் முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எதையும் மூடி மறைக்காமல் ஒரு குறையைச் சொல்லி, அதைத் தாண்டி வந்ததையும் சொல்கிறார்.

பின்விளைவுகள்

கான்ஸ்டன்டைன் நினைத்தது நடந்தது. சந்ததியார் தங்கள் வீட்டிலேயே பார்த்து நடக்க ஒரு அளவுகோலாக, ஒரு சிலையாக இந்த வரலாறு இருக்க வேண்டும் என்று முன்னுரை சொல்கிறது. பின்வந்தவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். 11ஆம் நூற்றாண்டில் ஸ்கைலிட்ஸஸ் தம் வரலாற்றில் இதைப் பயன்படுத்தினார். அந்த வரலாற்றின் படங்கள் நிறைந்த படி ஒன்று 12ஆம் நூற்றாண்டில் சிசிலியில் உருவாகி இன்று மாட்ரிட்டில் இருக்கிறது. பசிலின் இளமைக் கதைகள் அதில் ஓவியங்களாகவும் வருகின்றன.

மைக்கேலுக்கு 'குடிகாரர்' என்ற பட்டம் ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு நிலைத்தது. 863இல் லலக்காவோனில் மெலிட்டீன் அமீரின் படையை அழித்த வெற்றி, ஸ்லாவிய மக்களிடம் சிரிலும் மெத்தோடியஸும் அனுப்பப்பட்டது, பல்கேரிய மன்னரின் ஞானஸ்நானம், மக்னவுரா அரண்மனையில் நடந்த உயர்கல்வி எல்லாம் அவருடைய ஆட்சிக் காலத்தவை. நிசியாவிலும் அங்காராவிலும் கோட்டைச் சுவர்களைப் பழுதுபார்த்த கல்வெட்டுகளில் அவர் பெயர் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டில் ஹென்றி கிரெகுவார் போன்றவர்கள் இவற்றையெல்லாம் திரட்டி வைத்தபிறகே அவருடைய கணக்கு மறுபடி பார்க்கப்பட்டது.

எழுத்து முறையிலும் விளைவு பெரிது. அதுவரை ஆண்டு ஆண்டாக நிகழ்ச்சிகளை அடுக்குவதே வழக்கமாக இருந்த இடத்தில், ஒரு மனிதரைச் சுற்றி வரலாறு எழுதலாம் என்ற துணிவு வந்தது. அடுத்த நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் மைக்கேல் செல்லஸ் 14 ஆட்சியாளர்களைப் பற்றி எழுதியபோது, ஒரே ஆளிடம் நல்லதும் கெட்டதும் கலந்து கிடப்பதைக் காட்டினார். புளூட்டார்க்கின் பாதி வழியில் நின்றுவிட்ட நம் எழுத்தரைவிட அவர் வெகுதூரம் போனார். 12ஆம் நூற்றாண்டில் அன்னா கொம்னீனா தம் தந்தை அலெக்சியஸின் வரலாற்றை எழுதும்போது, மகள் எழுதுவது புகழுரையாகிவிடுமோ என்ற கவலையை வாய்விட்டே சொல்கிறார். பசிலின் வரலாற்றில் அந்தக் கவலையே எழவில்லை.

இனி மாற்ற வேண்டியது

இந்த நூலை நான் முதலில் வாசித்தபோது, புளிக்காடியும் கடுகும் வரும் பகுதியை நேரில் பார்த்தவர் சாட்சியாகவே எடுத்துக்கொண்டேன். சம்பவம் அவ்வளவு துல்லியம். துல்லியமாகச் சொல்வது புளூட்டார்க் வழிவந்தவர்களின் கைத்திறன் என்பது பிறகுதான் உறைத்தது. கழுகின் மேல் எறிந்த கல்லும் துல்லியம்தான்; அதை நாம் சாட்சியாக எடுப்பதில்லையே.

இப்போது வரிசையை மாற்றிப் படிக்கிறேன், மற்றவர்களுக்கும் அப்படியே சொல்கிறேன். முதலில் மெனாண்டரின் கையேட்டில் பேரரசர் புகழுரைப் பகுதி. அது சில பக்கங்கள்தான். அடுத்து புளூட்டார்க்கின் அந்தோணி. மூன்றாவதாகப் பசிலின் வரலாறு. மைக்கேலின் சாவு வரும் இடத்தில் நிறுத்தி, காலக்குறிப்பு நூலின் பகுதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பசிலின் சாவுக்கும் அப்படியே. அரண்மனை வரலாறு வயிற்றுப்போக்கு நோய் என்கிறது. காலக்குறிப்பு, வேட்டையில் மானின் கொம்பு இடைவாரில் மாட்டி இழுத்துப் போனதையும், வாரை அறுத்துக் காப்பாற்றியவனையே பசில் கொல்லச் சொன்னதையும் எழுதுகிறது.

காலக்குறிப்பு சொல்வதெல்லாம் உண்மை என்று இதற்குப் பொருள் அல்ல. அதுவும் மாமனார் லெகபீனஸ் பக்கம் சாய்ந்த நூல்தான். இரண்டும் ஒத்துப்போகும் இடங்களில் மட்டும் காலூன்றலாம். துடுப்பு வலித்தவர் ஒருவரை மைக்கேல் பேரரசராக்க முயன்றது அப்படி ஒத்துப்போகும் இடம். பசிலுக்கு அன்றிரவு என்ன பயம் இருந்தது என்பது அதில் தெரிகிறது.

கூட வைத்துப் பார்க்க வேண்டிய செய்தி இன்னும் ஒன்று உண்டு. கொலையுண்ட மைக்கேலை முதலில் எதிர்க்கரையில் கிரிசோபோலிஸில் ஒரு மடத்தில் புதைத்தார்கள். 886இல் பசில் இறந்ததும் ஆறாம் லியோ செய்த முதல் காரியங்களில் ஒன்று, அந்த உடலை எடுத்துவரச் செய்து, பேரரசர்கள் துயிலும் திருத்தூதர் ஆலயத்தில் அரச மரியாதையோடு அடக்கம் செய்தது. லியோ மைக்கேலின் மகன்தான் என்ற பேச்சும் அன்று இருந்தது. எழுத்தருக்கு வேலை கொடுத்த கான்ஸ்டன்டைன் அந்த லியோவின் மகன்.